மேசைத்தாளில் பென்சில் கோடுகள்

மாடல் டிராயிங் வகுப்பின் முதல் நாளில் மேசைமேல் மூன்று பொருள்களைத்தான் வைப்பேன்: ஒரு பித்தளைக் கூஜா, ஒரு மண்கலயம், ஒரு மரப்பெட்டி. ஓவிய ஆசிரியையாக இருபத்திரண்டு ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன். பிள்ளைகள் ஏறத்தாழ எல்லோருமே கூஜாவில்தான் தொடங்குவார்கள். அதன் கழுத்தையும் வயிற்றையும் நாக்கைக் கடித்துக்கொண்டு பொறுமையாக வரைந்து முடித்த பிறகு கலயத்துக்குப் போவார்கள். இரண்டும் தனித்தனியே நன்றாகவே வந்திருக்கும்; ஆனால் பெட்டிக்குத் தாளில் இடம் இராது. "டீச்சர், பெட்டி உள்ள வரல" என்று தாளைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளையிடம் நான் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றையேதான் சொல்கிறேன்: "கூஜாவுக்கும் கலயத்துக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு பாரு, அதை முதல்ல போடு."

இந்தச் சந்தை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் இத்தாலியின் பொலோன்யா நகரைச் சேர்ந்த ஓவியர் ஜியோர்ஜோ மொராந்தி. 1890 ஜூலை 20 அன்று பிறந்து, 1964 ஜூன் 18 அன்று, எழுபத்துநான்காவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில், அதே நகரில் மறைந்தவர். சுமார் 1,350 எண்ணெய் வண்ண ஓவியங்களையும் எட்சிங் எனப்படும் உலோகத்தகட்டு அச்சுகள் 133ஐயும் விட்டுச் சென்றார். அவற்றில் பெரும்பாலானவை குப்பிகள், கூஜாக்கள், கிண்ணங்கள், தகரடப்பாக்கள், எண்ணெய் விளக்குகள் ஆகியவற்றின் ஓவியங்கள். கிட்டத்தட்ட அவை அனைத்துக்கும் அவர் வைத்த பெயரும் ஒன்றே, 'நத்தூரா மோர்த்தா'. நாம் ஸ்டில் லைஃப் என்று சொல்லும் வகைக்கு இத்தாலிய மொழியில் வழங்கும் பொதுப்பெயர் அது. நேர்ப்பொருள் 'இறந்த இயற்கை'. அவருடைய ஓவியங்களோடு பல ஆண்டுகள் பழகிய பிறகு, இவ்வளவு பொருத்தமில்லாத ஒரு பெயரை இவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொண்டு வாழ்ந்தாரே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கல்லூரியில் படித்தபோது நூலகத்தில் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். அச்சு மங்கிய ஒரு புத்தகம். எல்லாப் பக்கங்களும் பழுப்பாகவும் சாம்பலாகவும் இருந்தன. இருபது வயதில் எனக்கு வேண்டியிருந்தது வேறு. நிறம் கொப்பளிக்கும், கித்தானைக் கிழித்துக்கொண்டு வரும் ஓவியங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். ஐந்தாறு பக்கங்களைப் புரட்டிவிட்டு மூடி வைத்தேன். வேலைக்குச் சேர்ந்து, மேசைமேல் கூஜாவையும் கலயத்தையும் தினமும் நகர்த்தி நகர்த்தி வைக்கத் தொடங்கிய பின்னர்தான், அந்தப் பழுப்புப் பக்கங்கள் ஒருநாள் தாமாக நினைவுக்கு வந்தன. கலயத்தை ஒரு விரற்கடை இடப்புறம் தள்ளினால் முழுக் காட்சியும் வேறாகிவிடுவதை அன்று கண்டேன். அதைத் தெரிந்துகொண்ட ஒருவர், அதை மட்டுமே ஐம்பது ஆண்டுகள் செய்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பிரெஞ்சு ஓவியர் செசானை மொராந்தி அறிந்துகொண்டதும் அச்சுப் பிரதிகள் வழியாகத்தான். அவர் பொலோன்யாவின் நுண்கலைக் கழகத்தில் 1907இல் சேர்ந்து 1913இல் படிப்பை முடித்தவர். பாரிஸ் அன்று ஓவியத்தின் தலைநகரம். அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. புத்தகங்களில் வந்த கறுப்பு வெள்ளைப் படங்களைக் கொண்டே செசானின் கட்டமைப்பைப் படித்தார். நிறம் இல்லாமல் படித்ததால்தானோ என்னவோ, எது எதைத் தாங்குகிறது, எது எதன்மேல் சாய்கிறது என்பது அவருக்கு முதலில் பிடிபட்டது. 1910இல் பிளாரன்சுக்குச் சென்று பழைய இத்தாலிய ஓவியர்களான ஜொத்தோ, மசாச்சோ ஆகியோரின் படைப்புகளை நேரில் பார்த்தார். ஜொத்தோவின் சுவரோவியங்களில் மனிதர்கள் ஒருவரையொருவர் ஒட்டி நிற்கும் அந்தக் கனமான அமைதி, பின்னாளில் இவருடைய குப்பிகளுக்கு வந்து சேர்ந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிரெஞ்சு ஓவியர் ஷார்தானையும் இத்தாலியின் பழைய ஓவியர் பியரோ தெல்லா பிரான்செஸ்காவையும் வாழ்நாள் முழுவதும் போற்றினார்.

வீட்டில் மூத்த பிள்ளை அவர். தம்பி ஜுசெப்பே 1903இல் சிறுவயதிலேயே இறந்தான். 1909இல் தந்தை இறந்தபின், தாய் மரியாவும் தங்கைகள் அன்னா, தீனா, மரியா தெரேசா ஆகிய மூவரும் இவரும் வியா ஃபொந்தாட்சா என்ற தெருவில் ஒரு குடியிருப்புக்கு வந்தார்கள். அந்தத் தெருவை விட்டு அவர் பின்னர் எங்கும் குடிபெயரவில்லை. தங்கைகள் மூவரும் மணம் செய்துகொள்ளவில்லை, அவரும் செய்துகொள்ளவில்லை. குடும்பத்துக்குச் சம்பாதிக்க 1914 முதல் 1929 வரை தொடக்கப்பள்ளிகளில் ஓவியம் கற்பித்தார். அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் இந்தப் பதினைந்து ஆண்டுகள் ஒரு வரியில் முடிந்துவிடுகின்றன. எனக்கு அப்படிக் கடந்துபோக மனம் வரவில்லை. ஓவியராக உலகம் அறியாத ஒருவர், மிக உயரமான, மெலிந்த மனிதர், காலையில் பள்ளிக்குப் போய்ச் சிறு பிள்ளைகளுக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து தம் மேசையின் முன் உட்கார்ந்தார். அந்த மாலைகள்தாம் அவருடைய ஓவியங்களாயின.

இடையில் ஒரு போரும் வந்தது. 1915இல் படைக்கு அழைக்கப்பட்டுச் சில வாரங்களிலேயே கடுமையாக நோயுற்றுத் திருப்பி அனுப்பப்பட்டார். இளமையில் எழுந்த அலைகள் அவரைத் தொடாமல் போகவில்லை: 1914 மார்ச்சில் பொலோன்யாவின் பாலியோனி ஓட்டலில் நண்பர்களோடு ஒரே ஓர் இரவு நடத்திய கண்காட்சியில் பங்கேற்றார், வேகத்தையும் இயந்திரங்களையும் போற்றிய ஃபியூச்சரிஸ்டு ஓவியர்களோடும் சேர்ந்து படம் வைத்தார், 1918, 1919ஆம் ஆண்டுகளில் தெ கிரிக்கோ, கார்ரா ஆகியோரின், கனவுக் காட்சி போன்ற மெட்டாபிசிக்கல் ஓவியப் போக்கில் துணிக்கடைப் பொம்மைத் தலைகளையும் பெட்டிகளையும் பந்துகளையும் கத்தியால் வெட்டியது போன்ற நிழல்களோடு வரைந்தார். அந்தப் படங்கள் அழகானவை, ஆனால் அவற்றில் காற்று இல்லை. 1920இல் அந்தப் போக்கை விட்டுவிட்டுச் சாதாரண மேசைக்கும் சாதாரண சன்னல் வெளிச்சத்துக்கும் திரும்பினார்.

மூன்றாண்டுகளுக்கு முன் என் மகள் பொலோன்யாவில் மேற்படிப்புக்குச் சேர்ந்தாள். அவளைப் பார்க்கப் போன அந்த இரண்டு வாரங்கள் எனக்கு வாழ்நாள் கொடை. ஊரைப் பார்த்த முதல் மணிநேரத்திலேயே அவருடைய நிறங்கள் எங்கிருந்து வந்தவை என்று தெரிந்துவிட்டது. சுவர்கள் காவியும் மஞ்சளும் வெளிறிய சிவப்புமாக இருக்கின்றன. நகரத் தெருக்களின் இருபுறமும் தூண்வரிசை நடைகள், மொத்தம் 62 கிலோமீட்டர் நீளத்துக்கு. மழையிலும் வெயிலிலும் குடை இல்லாமல் நடக்கலாம். 2021இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்த நடைகளுக்குள் வெயில் நேராக விழுவதில்லை. சுவரில் பட்டு, தளத்தில் பட்டு, நிறம் ஏறித்தான் உள்ளே வருகிறது. வியா ஃபொந்தாட்சாவும் அப்படிப்பட்ட தெருதான். 36ஆம் எண் வீடு இப்போது 'காசா மொராந்தி'. 2009இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அந்த அறையைத் தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். எவ்வளவு சிறியது என்று எவ்வளவோ படித்திருந்தும் நேரில் பார்த்தபோது நெஞ்சு ஒருகணம் நின்றது. ஓர் ஒற்றைக் கட்டில், ஓவியத் தாங்கி, மேசைகள், தரையிலும் அலமாரியிலும் நெருக்கியடித்து நிற்கும் குப்பிகள். படுக்கையறையும் பணியறையும் அதுவே. தங்கைகளின் அறையைக் கடந்துதான் அவர் இந்த அறைக்குள் வர வேண்டியிருந்தது. பணியறை என்றால் கூரையில் கண்ணாடி பதித்த பெரிய கூடம் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டறை. வெளிச்சம் சன்னல் வழியே முற்றத்திலிருந்து வருகிறது. அந்த முற்றத்தையும் அவர் பலமுறை வரைந்திருக்கிறார்.

அவர் உயிரோடு இருந்தபோது அந்த அறைக்கு வந்த கலை வரலாற்றாளர் ஜான் ரிவால்ட், பொருள்களின் மேல் படிந்திருந்த தூசியைப் பற்றி எழுதினார். கவனக்குறைவாகச் சேர்ந்த அழுக்காக அது அவருக்குத் தோன்றவில்லை. சாம்பல்நிறக் கம்பளிப் போர்வைபோல எல்லாப் பொருள்களையும் ஒன்றாக்கிய ஒன்றாகவே அதைக் கண்டார். மொராந்தி தூசியை அனுமதித்தார் என்பதைவிட, அதைப் பயன்படுத்தினார் என்பதே சரி. கண்ணாடிக் குப்பி மினுமினுத்தால் கண் மினுமினுப்புக்குப் போய்விடும், வடிவத்துக்குப் போகாது. ஆகவே அவர் குப்பிகளின் உள்ளே வண்ணத்தை ஊற்றிச் சுழற்றிப் பூசினார். சிலவற்றின் வெளிப்புறத்தையும் மங்கலான வண்ணத்தால் மூடினார். டப்பாக்களின் பெயர்ச்சீட்டுகளை மறைத்தார். தம் படத்துக்கு வேண்டிய அளவில் கடையில் பெட்டி கிடைக்காதபோது அட்டையை வெட்டித் தாமே செய்துகொண்டார். ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையிலிருந்து அதற்கு ஓய்வு கொடுத்தபிறகே அதை மேசைமேல் ஏற்றினார்.

மேசைகளும் பல உயரங்களில் இருந்தன. சிலவற்றில் பொருள்களை மேலிருந்து குனிந்து பார்க்கலாம். சிலவற்றில் அவை கண்ணுக்கு நேரே கட்டடங்கள்போல நிற்கும். மேசைமேல் தாள் விரித்திருந்தார். ஒரு குழுவை அடுக்கி முடித்ததும் ஒவ்வொரு பொருளின் அடியையும் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து வைத்தார். எடுத்தால் மறுபடியும் அதே இடத்தில் வைப்பதற்காக. ஆண்டுக்கணக்கில் அதே தாளில் வட்டத்தின் மேல் வட்டம், சதுரத்தின் மேல் வட்டம், அருகே சிறு குறிகள். லூயிஜி கிர்ரி என்ற நிழற்படக் கலைஞர் 1989, 1990ஆம் ஆண்டுகளில் அந்த அறையைப் படமெடுத்தார். பிறகு 2015இல் ஜோயல் மேயரோவிட்ஸ் அந்தப் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவருடைய மேசையின் மேலேயே, அவர் பார்த்த வெளிச்சத்திலேயே வைத்துப் படமெடுத்தார். அந்தப் பென்சில் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நேரத்தை என் மகள் கணக்கிட்டு இருபது நிமிடம் என்றாள். எந்தக் குப்பியும் இல்லாமலே அங்கே ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது.

எந்தக் குப்பிகள் எந்த விரிப்போடு சேரும் என்று முடிவு செய்யவே தமக்கு வாரக்கணக்கில் ஆகிறது என்றும், அதன்பிறகும் இடைவெளிகளில் தவறிவிடுகிறேன் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் தூரிகையை எடுத்துவிட்டால் அவர் விரைவாக வரைந்தார். இதைப் பலர் அறிவதில்லை. அமைதியான படம் என்பதால் மெதுவாக வரையப்பட்டிருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அருங்காட்சியகத்தில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஈரத்தின்மேல் ஈரமாக இழுத்த தூரிகைத் தடங்கள் அப்படியே தெரிகின்றன. தயக்கம் எல்லாம் மேசையில். கித்தானில் தயக்கமே இல்லை. என் பிள்ளைகள் இதற்கு நேர்மாறு. அடுக்குவதில் ஒரு நிமிடம்கூடச் செலவிடாமல், வரைவதில் ரப்பரைத் தேய்த்துத் தாளை ஓட்டையாக்குகிறார்கள். குற்றம் அவர்களுடையதும் அல்ல. அடுக்குவதும் வரைவதில் சேர்ந்தது என்று நாம் சொல்லிக்கொடுப்பதில்லை.

மொராந்தி அருங்காட்சியகம் 1993இல் நகர மாளிகையான பலாட்சோ தாக்கூர்சியோவில் தொடங்கப்பட்டது. 2012 முதல் 'மம்போ' எனப்படும் நகர நவீன ஓவியக் காட்சியகத்தில் இயங்குகிறது. அதன் அறைகளில் நான் மூன்று நாட்கள் போய் உட்கார்ந்தேன். ஐம்பதுகளில் வரைந்த ஒரு சிறிய ஓவியத்தை மட்டும் இங்கே நெருங்கிப் பார்க்கிறேன். முழங்கையின் நீளம்கூட அகலம் இல்லாத படம். நடுவில் ஒரு வெள்ளைக் குப்பி, உடலில் மெல்லிய நெளிவரிகள்; அதை ஒட்டி ஒரு மஞ்சள் பெட்டி, பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இன்னொன்று. தொலைவிலிருந்து பார்க்கும்போது மூன்றும் உறுதியாக நிற்கின்றன. இரண்டடி தூரத்துக்கு வந்தால் விளிம்புகள் நடுங்குகின்றன. குப்பியின் இடப்புற விளிம்பு குப்பியின் நிறத்தால் வரையப்படவில்லை. பின்புலத்தின் சாம்பலை இழுத்துக்கொண்டு வந்த தூரிகை குப்பியின்மேல் சற்றே ஏறி அங்கே நின்றிருக்கிறது. அந்த ஏறிய இடம்தான் குப்பியின் உருவம். வலப்புறத்தில் குப்பியின் விளிம்பும் பெட்டியின் விளிம்பும் சரியாக ஒரே கோட்டில் வந்து முடிகின்றன. எது முன்னே, எது பின்னே என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. மேசையின் பின்விளிம்பு சாம்பல் பெட்டியின் மேல்விளிம்போடு சேர்ந்துவிடுகிறது. ஓவியப் பள்ளியில் இவை பெருந்தவறுகள். மாடல் டிராயிங் தேர்வில் இப்படி வரைந்தால் மதிப்பெண் போய்விடும். அவர் அறிந்தேதான் அந்தத் தவறுகளைத் தேடித் தேடிப் பொருள்களை அடுக்கினார். ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கும் அந்த நிலையில், குப்பிகளைவிட அவற்றுக்கு நடுவே உள்ள சந்துதான் உயிரோடு இருக்கிறது.

எட்சிங்குகளைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்வது பாதிச் சோறு. 1930 முதல் 1956 வரை, இருபத்தாறு ஆண்டுகள், தாம் படித்த அதே நுண்கலைக் கழகத்தில் அவர் கற்பித்தது எண்ணெய் வண்ணம் அன்று, எட்சிங்தான். தகட்டின்மேல் மெழுகுப் பூச்சைப் பூசி, ஊசியால் கோடு கீறி, அமிலத்தில் அமிழ்த்தினால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பித் தாளில் அழுத்தி எடுப்பார்கள். பெரும்பாலும் பழைய கையேடுகளைப் படித்தும் ரெம்பிராண்டின் அச்சுகளைப் பார்த்தும் அவர் இதைத் தாமே கற்றார். அவருடைய அச்சுகளில் உருவத்தைச் சுற்றி எல்லைக்கோடு இருக்காது. ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே ஓடும் நேர்க்கோட்டு வலைகள் மட்டுமே. வலை நெருங்கினால் இருட்டு, விலகினால் வெளிச்சம், வலையே இல்லாத இடம் வெள்ளைக் குப்பி. கறுப்பு மையும் வெள்ளைத் தாளும் தவிர வேறெதுவும் இல்லாத அந்த அச்சுகளில் மாலை மஞ்சள் வெயிலைப் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை, நான் பார்த்தேன்.

அவரைத் துறவி என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பிள்ளைகளிடம் சொல்லி வந்தேன். இப்போது சொல்வதில்லை. அவரிடம் பயின்று உதவியாளராகவும் இருந்த ஜேனட் அப்ரமோவிச் அந்தச் சித்திரத்தை மறுத்து விரிவாக எழுதியிருக்கிறார். மொராந்தி சம்பளத்துக்கு வேலை பார்த்தவர், கண்காட்சிகளில் கலந்துகொண்டவர், தம் படம் யாரிடம் போகிறது என்பதில் கவனமாக இருந்தவர், ரொபெர்த்தோ லோங்கி, சேசரே பிராந்தி போன்ற தலைசிறந்த கலை அறிஞர்களோடு நெருங்கிய நட்புக் கொண்டவர். லோங்கி 1934இலேயே பல்கலைக்கழகத் தொடக்கவுரையில், உயிரோடிருக்கும் இத்தாலிய ஓவியர்களில் சிறந்தவர்களுள் ஒருவராக அவரைச் சொன்னார். 1939இல் குவாட்ரியென்னாலே என்னும் ரோம் நகரின் நான்காண்டுக் கண்காட்சியில் அவருக்குத் தனி அறை ஒதுக்கப்பட்டது. ஓவியத்துக்கான இரண்டாம் பரிசும் கிடைத்தது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய கடினமான செய்தியும் உண்டு. இருபதுகளிலும் முப்பதுகளிலும் முசோலினி ஆட்சியின் ஆதரவு பெற்ற கண்காட்சிகளில் அவர் பங்கேற்றார். 1928இல் வெளிவந்த தன்வரலாற்றுக் குறிப்பில் பாசிசத்தின்மேல் நம்பிக்கை தெரிவித்தும் எழுதினார். நுண்கலைக் கழகத்தின் பதவி, தேர்வு இல்லாமல், புகழின் அடிப்படையில் அவருக்கு வந்தது. அவரை நேசிப்பவர்கள் இதை மெதுவாகக் கடந்துபோவதைக் கண்டிருக்கிறேன். குப்பிகளை வரைந்தவருக்கு அரசியல் ஏது என்ற பேச்சு எனக்கு ஏற்புடையதன்று. அந்த அறையின் சன்னலும் அந்த நாட்டுக்குள்தான் திறந்திருந்தது.

பின்னர் அந்த நாடு அவர் கதவையே தட்டியது. 1943இல், பாசிச எதிர்ப்பாளர்களோடு தொடர்பு கொண்டிருந்தார் என்று கைது செய்யப்பட்டுச் சில நாட்கள் சிறையில் இருந்தார். நண்பர்கள் முயன்று வெளியே கொண்டுவந்தார்கள். குண்டுவீச்சுக்கு அஞ்சிக் குடும்பத்தோடு கிரித்சானாவுக்குப் போனார். அப்பென்னைன் மலையிலுள்ள அந்தச் சிற்றூருக்கு 1913 முதல் அவர் கோடையில் சென்று வந்தவர். அதன் புழுதிப் பாதைகளையும் சன்னல் இல்லாத வெள்ளை வீடுகளையும், மேசைமேல் பெட்டி அடுக்குவது போலவே மலைச்சரிவில் அடுக்கி வரைந்தவர். போர் நடந்த அந்த ஆண்டுகளில் அங்கே நிறைய நிலக்காட்சிகளை வரைந்தார். 1944இல் போர்முனை நெருங்கவே, பொலோன்யாவுக்குத் திரும்பினார். அவர் திரும்பிய சில மாதங்களுக்குள், செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 5 வரை, மொந்தே சோலே மலையைச் சுற்றியுள்ள மர்சபொத்தோ, கிரித்சானா, மொன்சூனோ பகுதிகளில் ஜெர்மானிய எஸ்.எஸ். படையினர் ஏறத்தாழ 770 பேரைக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அவர் வரைந்த மலையடிவாரத்துப் பாதைகளுக்கு அருகே நடந்தது இது. 1943இல் வரைந்த அந்த நிலக்காட்சிகளில் ஒரு மனித உருவம்கூட இல்லை. அவர் எப்போதுமே நிலக்காட்சியில் மனிதர்களை வரைந்ததில்லை என்று தெரிந்திருந்தும், அவற்றின் முன் நான் நிற்கும்போது எனக்கு அந்த 770 பேர் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அந்த ஊர் 1985 முதல் 'கிரித்சானா மொராந்தி' என்று பெயர் தாங்கி நிற்கிறது.

புகழ் பிறகு வந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1948இல் வெனிஸ் பியனாலே என்னும் ஈராண்டுக் கண்காட்சியில் இத்தாலிய ஓவியருக்கான பரிசு, 1957 சாவ் பாவ்லோ பியனாலேயில் ஓவியத்துக்கான பெரும்பரிசு. இத்தாலிக்கு வெளியே அவர் முதன்முறையாகக் காலடி வைத்ததே 1956இல்தான். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் நடந்த கண்காட்சிக்காக. அப்போது அவருக்கு ஏறத்தாழ அறுபத்தாறு வயது. ஹெர்பர்ட் லிஸ்ட் 1953இல் எடுத்த நிழற்படம் ஒன்று என் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது: மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, கைகளைக் கட்டாமல், எதையும் தொடாமல், முன்னே நிற்கும் குப்பிகளை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவரின் முகம் அது. யதார்த்தத்தைவிட அரூபமானது எதுவும் இல்லை என்பது தம் எண்ணம் என்று ஒரு நேர்காணலில் அவர் சொன்னதற்கு அந்த முகத்தைவிட நல்ல உரை எனக்குக் கிடைத்ததில்லை.

1950இல் தாய் இறந்தார். அதன்பிறகு தங்கைகள்தாம் வீடு. 1956இல் பணி ஓய்வு பெற்றபின், கிரித்சானாவில் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டு கோடைகளை அங்கே கழித்தார். புகைப்பழக்கம் அதிகம், நுரையீரல் புற்றுநோய் வந்தது. பொலோன்யாவின் செர்த்தோசா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மரியா தெரேசா அண்ணனின் அறையைக் கலைக்காமல் காத்து, ஓவியங்களையும் பொருள்களையும் நகரத்துக்குக் கொடுத்தார். அந்தக் கொடையால்தான் 1993இல் அருங்காட்சியகம் திறந்தது. மறு ஆண்டு அவர் இறந்தார். முப்பது ஆண்டுகள் ஓர் அறையின் தூசியைத் துடைக்காமல் காப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது வீட்டுவேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள், ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய மாலை, மகளையும் காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். அவள் படிப்பது புள்ளியியல். ஓவியத்தில் எனக்காகப் பொறுமையாக இருப்பவள். கடைசி ஆண்டுகளின் நீர்வண்ணப் படங்கள் வைத்திருந்த பகுதிக்கு வந்தோம். ஒரு சிறு தாளில் மங்கிய பழுப்புக் கறைகள் இரண்டு, கீழே இன்னும் மெல்லிய ஒன்று, அவ்வளவுதான். அவள் குனிந்து பார்த்தாள், பெயர்ச்சீட்டைப் படித்தாள், மறுபடி பார்த்தாள்.

"அம்மா, இதுல பாட்டில் எங்க இருக்கு?"

"பழுப்பை விடு. அதுக்கு நடுவுல வெறும் தாள் தெரியுதுல்ல, அதைப் பாரு" என்றேன்.

சிறிது நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றாள். பிறகு, "ஐயோ, கழுத்து தெரியுதும்மா" என்றாள். தோள்பையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூடும் நேரம் ஆகிவிட்டது என்று காவலர் வந்து சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.